லாரியா, லாரிகளா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "கணிப்பொறித் துறையில இருக்கே, ஏதாவது புதுசா பேசப்பா" என்றார். செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார் போலும். அதைப் பற்றிப் பேச இன்று ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் எடுத்துக் கொண்டது மிகச் சிறிய விஷயம். டேட்டாபேஸில் ஒரு டேபிளுக்குப் பெயர் வைக்கும்போது அதை ஒருமையில் வைப்பதா, பன்மையில் வைப்பதா? 'லாரி' என்பதா, 'லாரீஸ்' என்பதா? சிரிக்காதீர்கள். பெங்களூரில் நான் வேலை பார்த்த ஏழு ஆண்டுகளில், சம்பளத்துக்கு அடுத்தபடியாக அதிகச் சண்டை நடந்தது இதற்காகத்தான்.

சிவில், மெக்கானிக்கல் அண்ணன்மார்களுக்காக இரண்டு வார்த்தை. இணையத்தில் நீங்கள் பஸ் டிக்கெட் எடுக்கிறீர்கள், கரண்ட் பில் கட்டுகிறீர்கள். அந்தத் திரைக்குப் பின்னால் கணக்குப் புத்தகங்கள் போல வரிசையாக டேபிள்கள் இருக்கும். பயணிக்கு ஒரு டேபிள், பஸ்ஸுக்கு ஒரு டேபிள், டிக்கெட்டுக்கு ஒரு டேபிள். ஒவ்வொன்றிலும் வரி வரியாகப் பதிவு. நம்ம ஊர் மண்டியில் பேரேடு, சிட்டை, ரொக்கப் புத்தகம் என்று இருப்பது போலத்தான். அந்தப் புத்தகத்தின் அட்டையில் என்ன பெயர் எழுதுவது என்பதுதான் கேள்வி.

இந்தச் சண்டை இன்று நேற்று வந்ததில்லை. 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் என்பவர் எழுதிய கட்டுரைதான் இந்த டேபிள் முறைக்கெல்லாம் மூலம். அதில் அவர் தரும் உதாரணத்தில் ஒரு பெயர் 'எம்ப்ளாயி', ஒருமை. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று 'சில்ட்ரன்', பன்மை! அவர் இதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆரக்கிளில் பாடம் படித்தவர்கள் 'எம்ப்', 'டெப்ட்' என்ற மாதிரி டேபிள்களை மறந்திருக்க மாட்டீர்கள். பிறகு அதே கம்பெனி தந்த அடுத்த மாதிரியில் 'எம்ப்ளாயீஸ்', 'டிபார்ட்மென்ட்ஸ்' என்று பன்மையாக மாறியது. மைக்ரோசாப்ட் நேர் எதிர். அவர்களுடைய பழைய நார்த்விண்ட் மாதிரியில் 'கஸ்டமர்ஸ்', 'ஆர்டர்ஸ்'. 2005-இல் வந்த அட்வென்ச்சர்வொர்க்ஸில் 'கஸ்டமர்', 'பிராடக்ட்'. ஒருத்தர் ஒருமையிலிருந்து பன்மைக்குப் போனார், மற்றவர் பன்மையிலிருந்து ஒருமைக்கு வந்தார். பாதி வழியில் சந்தித்துக் கொண்டார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

வெப் அப்ளிகேஷன் காலம் வந்தபோது இது இன்னும் முற்றியது. 2004-இல் வந்த ரூபி ஆன் ரெயில்ஸ், நிரலில் 'ஆர்டர்' என்று ஒருமையில் எழுதினால், டேபிளை 'ஆர்டர்ஸ்' என்று தானே பன்மையில் தேடும். 2005-இல் வந்த ஜாங்கோ நீங்கள் சொன்ன ஒருமைப் பெயரைப் பன்மையாக்காது. பி.எச்.பி. உலகில் 2011-இல் வந்த லாராவெல் மறுபடியும் பன்மை. ஜாவாவின் ஹைபர்னேட் ஒருமை. இரண்டு டேபிளை இணைக்கும் நடு டேபிளுக்கு ரெயில்ஸ் வைக்கும் பெயர் 'டிரைவர்ஸ்_லாரீஸ்'. லாராவெல் வைப்பது 'டிரைவர்_லாரி'. பன்மைக் கட்சியில் இருக்கும் லாராவெல்லே அந்த இடத்தில் ஒருமைக்குத் தாவுகிறது பாருங்கள்!

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. டேபிள் என்பது பலவற்றின் தொகுதி, ஆகவே பன்மை என்பார்கள். ஒரு வரி ஒரு பொருளைக் குறிக்கிறது, ஆகவே ஒருமை என்பார்கள். ஒருமையில் வைத்தால் 'ஆர்டர்', 'ஆர்டர்_ஐட்டம்' என்று பட்டியலில் தாய் முன்னும் பிள்ளை பின்னுமாக அழகாக நிற்கும். பன்மையில் வைத்தால் அகரவரிசையில் 'ஆர்டர்_ஐட்டம்ஸ்' முந்திக் கொண்டு 'ஆர்டர்ஸ்' பின்னால் போய்விடும். ஆனால் ஒருமைக்காரர்களுக்கு ஒரு பெரிய தலைவலி உண்டு. 'ஆர்டர்', 'குரூப்' ஆகிய சொற்கள் எஸ்.க்யூ.எல். மொழியே தனக்கென்று பிடித்து வைத்திருப்பவை. அந்தப் பெயரில் டேபிள் வைத்தால் ஒவ்வொரு முறையும் மேற்கோள் குறி போட்டுக் கொண்டே இருக்க வேண்டும்.

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் 'யூசர்' என்ற பெயர் இன்னும் விஷமம். மேற்கோள் குறி போடாமல் 'யூசர்' டேபிளிலிருந்து எல்லாவற்றையும் எடு என்று சொன்னால், அது தவறு என்று கூடச் சொல்லாது. ஒரே ஒரு வரியைக் காட்டும். அதில் நீங்கள் எந்தப் பெயரில் உள்ளே நுழைந்தீர்களோ அந்தப் பெயர் இருக்கும். இறுதியாண்டு புராஜெக்ட் செய்து கொண்டிருந்த ஒரு தம்பி இதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, முந்நூறு பேர் டேட்டா இருந்துச்சு, எல்லாம் போயிருச்சுங்கண்ணா, ஒரே ஒருத்தர்தான் இருக்காரு" என்று ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போன் செய்தார். முந்நூறு பேரும் பத்திரமாகத்தான் இருந்தார்கள். அவர் தட்டிய கதவுதான் வேறு.

இப்போது நம்ம ஊர் விஷயத்துக்கு வருகிறேன்.

ரெயில்ஸ் போன்றவை பன்மையைத் தானே உண்டாக்குகின்றன என்றேன் அல்லவா? அதற்குள் ஒரு சின்ன ஆங்கில இலக்கணப் புத்தகமே இருக்கிறது. 'பெர்சன்' என்றால் 'பீப்பிள்', 'சைல்ட்' என்றால் 'சில்ட்ரன்', 'பஃபலோ'வுக்கும் 'டொமேட்டோ'வுக்கும் கடைசியில் எந்த எழுத்து சேரும் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். எருமையும் தக்காளியும் தெரிந்திருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டதுண்டு. 'ரைஸ்' எண்ணக் கூடாத சொல் என்றும் பட்டியலில் இருக்கிறது. பழைய பதிப்புகளில் 'கவ்' என்று எழுதினால் பன்மை 'கைன்' என்று வரும். அது ஆங்கிலேயரே கைவிட்ட பழஞ்சொல். பால் பண்ணைக்கு அப்ளிகேஷன் எழுதியவர் யாராவது இதைப் பார்த்துத் திகைத்திருப்பார்.

ஆனால் நம் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி அதனிடம் கொடுத்தால்தான் வேடிக்கை. நில விவரத்துக்கு ஒரு அப்ளிகேஷன் எழுதுகிறோம். 'பட்டா' என்று ஒரு டேபிள். லத்தீன் வழி வந்த 'டேட்டா' என்ற சொல்லுக்கு ஒருமை 'டேட்டம்' அல்லவா? அதற்காக ரெயில்ஸில் ஒரு விதி இருக்கிறது: 'டா' என்று முடிவதெல்லாம் பன்மை, அதன் ஒருமை 'டம்'. ஆகவே நம் பட்டாவின் ஒருமை என்ன என்று அதைக் கேட்டால், கூசாமல் 'பட்டம்' என்று சொல்லும்! சிட்டாவைக் கேட்டால் 'சிட்டம்'. லாரி டிரைவருக்குக் கொடுக்கும் பேட்டாவைக் கேட்டால் 'பேட்டம்'. அப்புறம் 'பட்டம்' என்ற கிளாஸைக் காணோம் என்று பிழை காட்டி நிற்கும். நாம் இங்கே நான்கு ஆண்டு படித்து வாங்கிய பட்டத்தை, ஒரு பட்டாவைக் கொடுத்தே வாங்கிவிடலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வேடிக்கையாகச் சொன்னாலும், இதில் ஒரு உண்மை இருக்கிறது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லைச் சொல்லும்போதே ஒன்றா பலவா என்று சொல்லியாக வேண்டும். அந்த மொழியின் கட்டாயம் அது. அந்தக் கட்டாயத்தைத்தான் டேட்டாபேஸுக்குள்ளும் கொண்டு வந்து வைத்துக் கொண்டு சண்டை போடுகிறோம். தமிழுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குறைந்தபட்சம் அஃறிணைக்கு இல்லை. 'மாடு' என்றால் ஒரு மாடும் மாடுதான், பத்து மாடும் மாடுதான். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், இப்படிப்பட்ட பெயர் ஒருமையா பன்மையா என்பது அதோடு சேரும் வினையால் தெரியவரும் என்கிறது. 'கள்' சேர்ப்பது வேண்டிய இடத்தில் மட்டும். பின்னால் வந்த நன்னூல் இதற்குப் 'பால்பகா அஃறிணைப் பெயர்' என்றே பெயர் வைத்துவிட்டது. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் நம் கொங்கு நாட்டுச் சீனாபுரத்துக்காரர் என்று சொல்வோர் உண்டு. அது எப்படியோ, அவர் சொன்ன இலக்கணத்தை நாமக்கல் சந்தையில் நின்று கேட்டுக் கொள்ளலாம். 'அம்பது லாரி நிக்குது', 'லட்சம் முட்டை ஏத்தியாச்சு', 'பத்துத் தறி ஓடுது'. யாரும் 'லட்சம் முட்டைகள் ஏற்றப்பட்டன' என்று பேசுவதில்லை. வினையில் கூட ஒருமைதான். எண் ஒன்று முன்னே நிற்கிறதே, அது போதாதா?

நம் முன்னோர் எழுதிய கணக்குப் புத்தகங்களைப் பாருங்கள். நெல் கணக்கு, ஆள் கணக்கு, வண்டி வாடகை. 'நெல்கள் கணக்கு' என்று யாராவது எழுதினார்களா? அட்டையில் என்ன எழுதுவது என்று ஒரு சண்டையும் நடந்ததாகத் தெரியவில்லை. ஏனென்றால் அவர்கள் யோசித்தது வேறு ஒன்றை: உள்ளே ஒரு வரி எழுதினால், அந்த ஒரு வரி எதைக் குறிக்கிறது?

கர்ணம் பதவி நம் மாநிலத்தில் 1980-இல் ஒழிக்கப்பட்டது. அதுவரை கிராமக் கணக்கு எழுதியவர்கள் அவர்கள்தான். அவர்களிடம் ஒரே நிலத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட புத்தகங்கள் உண்டு. 'அ' பதிவேட்டில் வரிசை சர்வே எண்ணைப் பிடித்துப் போகும். ஒரு உட்பிரிவுக்கு ஒரு வரி, அதை யார் வைத்திருந்தாலும் சரி. சிட்டாவில் வரிசை பட்டாவைப் பிடித்துப் போகும். ஒரு பட்டாதாரருக்கு எந்தெந்த சர்வே எண்ணில் எவ்வளவு நிலம் என்று அவர் பெயருக்குக் கீழே வரும். நிலம் ஒன்றுதான். ஆனால் 'ஒரு வரி என்பது என்ன' என்ற கேள்விக்கு இரண்டு புத்தகத்திலும் இரண்டு பதில். அதனால்தான் இரண்டு புத்தகம், இரண்டு பெயர். எந்தப் புத்தகத்தில் எதைத் தேடுவது என்பதில் அவர்களுக்குக் குழப்பமே வந்ததில்லை. இதை நம் பாடத்திட்டத்தில் 'நார்மலைசேஷன்' என்று ஒரு செமஸ்டர் நடத்துகிறார்கள்.

சரி, முட்டைக்கு வருவோம். கோழிப்பண்ணைகளுக்கான அப்ளிகேஷன்கள் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றில் டேபிள் பெயர் 'எக்'. இன்னொன்றில் 'எக்ஸ்'. எது சரி? இரண்டுமே தவறு என்பேன்! ஏனென்றால் அந்த டேபிளில் ஒரு வரி ஒரு முட்டையைக் குறிக்கவில்லை. ஒரு ஷெட்டில் ஒரு நாள் எடுத்த முட்டையின் கணக்கு அது: தேதி, ஷெட் எண், எத்தனை அட்டை, உடைசல் எத்தனை. அட்டைக்கு 30 முட்டை. பெட்டி என்றால் 7 அட்டை, 210 முட்டை. ஏற்றுமதிக்குப் போகும் பெட்டியில் 12 அட்டை, 360 முட்டை. இவ்வளவும் இருக்கும்போது வெறுமனே 'முட்டை' என்று பெயர் வைத்தால், அதற்குப் பின்னால் 'ஸ்' போட்டாலும் போடாவிட்டாலும் என்ன லாபம்? 'முட்டை எடுப்பு' என்று வைத்துப் பாருங்கள். ஒரு வரி என்பது ஒரு நாள், ஒரு ஷெட், ஒரு எடுப்பு. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

சேலத்து ஜவ்வரிசியிலும் இதே கதைதான். ஜவ்வரிசி 90 கிலோ மூட்டையாக வருகிறது. ஏலம் போவது லாட் லாட்டாக. 'மூட்டை' என்று ஒரு டேபிள் வைத்து, அதில் லாட்டுக்கு ஒரு வரி எழுதினால் என்ன ஆகும்? புதிதாக வேலைக்கு வந்த பையன் "எத்தனை மூட்டை?" என்று கேட்டதும் வரிகளை எண்ணிச் சொல்லிவிடுவான். அவன் மீது குற்றமில்லை. பெயர் அவனை ஏமாற்றியது.

இனி நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர், பெயர் வேண்டாம். நாமக்கல் பக்கம் நாற்பது லாரிக்கு மேல் ஓட்டும் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸ். அவர்களிடம் பல வருடமாக ஓடிக் கொண்டிருந்த ஒரு கணக்கு அப்ளிகேஷன். அதை எழுதியவர் எல்லா டேபிளுக்கும் ஒருமையில் பெயர் வைத்திருந்தார்: 'லாரி', 'டிரைவர்', 'டிரிப்'. பின்னால் டிரைவர்களே செல்போனில் டிரிப் விவரம் போடட்டும் என்று வெளியூர்க் குழு ஒன்றிடம் ஒரு மொபைல் அப்ளிகேஷன் செய்யச் சொன்னார்கள். அந்தக் குழு பிடித்த கருவி பன்மைக் கட்சி. நிறுவிய அன்று, 'டிரிப்' டேபிளைக் கண்டு கொள்ளாமல், பக்கத்திலேயே 'டிரிப்ஸ்' என்று புதிதாக ஒன்றை உண்டாக்கி விட்டது. பழைய விவரத்தை அதில் ஒரு முறை நகல் எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டிலும் ஒரே எண்ணிக்கை. எல்லாம் சரி என்று கிளம்பிவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து செல்போனில் போட்ட டிரிப் எல்லாம் 'டிரிப்ஸ்' டேபிளுக்குப் போயிற்று. ஆபீஸில் தட்டியது 'டிரிப்' டேபிளுக்கு. செட்டில்மென்ட் போடும் நிரல் பழையது. அதற்கு 'டிரிப்' மட்டும்தான் தெரியும். மாதத்தில் இரண்டு முறை கணக்கு முடிப்பது அங்கே வழக்கம். முடித்துப் பார்த்தால் பதினேழு டிரைவருக்குப் பேட்டா பூஜ்யம்! வாங்கிய அட்வான்ஸ் மட்டும் ஆபீஸ் வழியாகப் பதிவாகியிருந்ததால், அவர்களே கம்பெனிக்குப் பணம் தர வேண்டும் என்று சீட்டு வந்தது. குஜராத் வரை போய் லோடு இறக்கிவிட்டு வந்த மனிதரிடம், 'நீ தான் பாக்கி' என்று ஒரு காகிதத்தை நீட்டினால் அவருக்கு எப்படி இருக்கும்? இரண்டு பேர் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

கண்டுபிடித்தது என்னைப் போன்ற இன்ஜினியர் இல்லை. அங்கே முப்பது வருடமாகக் கணக்கு எழுதும் பெரியவர். அவர் டிரிப் ஷீட்டைக் காகிதத்திலும் வாங்கி ஊசி நூல் போட்டுக் கோத்து வைத்திருந்தார். நான் போய் உட்கார்ந்து டேபிள் பட்டியலைத் திரையில் ஓட்டியபோது, பின்னால் நின்று பார்த்துக் கொண்டிருந்தவர் கேட்டார்:

"ஏனுங்க தம்பி, டிரிப்புன்னு ஒண்ணு இருக்குது, டிரிப்ஸுன்னு ஒண்ணு இருக்குது. இதுல எதுங்க நம்ம கணக்கு?"

"இதுக்கு முன்னாடி பார்த்தவங்க யாரும் இதைக் கேக்கலீங்களா ஐயா?"

"அவங்க ரெண்டும் ஒண்ணுதானுங்களேன்னு போயிட்டாங்க. ஒண்ணுன்னா எதுக்குங்க ரெண்டு தடவ எழுதோணும்?"

தொண்ணூறு டேபிள் உள்ள பட்டியலில் அடுத்தடுத்த வரியில், ஒரே ஒரு எழுத்து வித்தியாசத்தில் இரண்டும் நின்றன. பழகிய கண்ணுக்கு அது தெரியாது. ஒருமைக்காரர் தன் புத்தகப்படி சரியாகத்தான் செய்தார். பன்மைக்காரரும் தன் புத்தகப்படி சரியாகத்தான் செய்தார். ஒரே வீட்டில் இரண்டு புத்தகம் வைத்ததுதான் கெடுத்தது.

சரி செய்தது எப்படி என்று மாணவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது தேர்வில் வராது, வேலையில் வரும். முதலில் இரண்டு டேபிளையும் டிரிப் ஷீட் எண்ணை வைத்து ஒப்பிட்டோம். இரண்டிலும் இருப்பது, ஒன்றில் மட்டும் இருப்பது என்று பிரித்தோம். பெரியவர் கோத்து வைத்த காகிதத்தோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். விடுபட்ட வரிகளையெல்லாம் 'டிரிப்ஸ்' டேபிளில் சேர்த்தோம். பிறகு பழைய 'டிரிப்' டேபிளுக்கு வேறு பெயர் கொடுத்து ஓரமாக வைத்துவிட்டு, 'டிரிப்' என்ற அதே பெயரில் ஒரு வியூ உண்டாக்கினோம். வியூ என்றால் டேபிள் மாதிரியே தெரியும் ஜன்னல். உள்ளே சரக்கு கிடையாது, அந்தப் பக்கம் இருக்கும் டேபிளைக் காட்டும். பழைய நிரல்கள் எதிர்பார்க்கும் காலம் பெயர்களையே அந்த ஜன்னலில் வைத்தோம். ஒரே டேபிளைப் பார்க்கும் எளிய வியூ என்றால் போஸ்ட்கிரஸிலும் மை.எஸ்.க்யூ.எல்.லிலும் அதன் வழியாக எழுதவும் முடியும். ஆகவே பழைய நிரலில் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் வேலை முடிந்தது. செட்டில்மென்ட் இரண்டு நாள் தாமதம். சாவி வைத்துவிட்டுப் போன இருவரில் ஒருவர் திரும்பி வந்தார். இன்னொருவர் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார்.

பழைய நிரலையே மாற்றிவிட்டால் என்ன என்று கேட்கலாம். மாற்றலாம். ஆனால் ஒரு டேபிள் பெயர் எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் தெரியுமா? ரிப்போர்ட்டில், டிரிக்கரில், இரவு பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்டில், முதலாளி வீட்டில் இருக்கும் எக்செல் கோப்பில். எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தவர் வேலையை விட்டுப் போய் வெகு காலம் ஆகியிருக்கும். பெயர் வைப்பது ஐந்து நிமிட வேலை. மாற்றுவது அப்படி அல்ல.

"அப்ப நீ எந்தக் கட்சிப்பா?" என்று முன்வரிசையில் ஒரு அண்ணன் கேட்பது காதில் விழுகிறது. சொல்லிவிடுகிறேன். புதிதாக ஒன்றைத் தொடங்கினால், எந்தக் கருவியைப் பிடிக்கிறோமோ அது சொல்லும் வழக்கத்திலேயே போங்கள். ரெயில்ஸா, லாராவெல்லா, பன்மை. ஜாங்கோவா, ஒருமை. அதோடு மல்லுக்கட்டி உங்கள் கொள்கையை நிலைநாட்டுவதால் ஒரு பைசா மிச்சமாகாது. ஏற்கெனவே ஓடுகிற வீட்டுக்குள் நுழைந்தால், அந்த வீட்டு வழக்கத்துக்கு நீங்கள் பணியுங்கள். 'இந்த டேபிளின் பெயர் இது' என்று ஒரே வரியில் சொல்லிக் கொடுக்க எல்லாக் கருவியிலும் வழி இருக்கிறது. மேலே சொன்ன வெளியூர்க் குழு அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் போதும். கருவியே இல்லாமல் நானாகத் தொடங்கினால் ஒருமைதான் வைப்பேன். அதற்குக் காரணம் ஒருமைக்காரர்களின் வாதம் அல்ல. தமிழ்க் காதுக்கு 'லாரி' என்பது ஏற்கெனவே எல்லா லாரியும்தான்.

தமிழிலேயே டேபிள் பெயர் வைக்கலாமா என்று ஒரு தங்கை காலையில் கேட்டார். தாராளமாக வைக்கலாம், போஸ்ட்கிரஸ் ஏற்றுக் கொள்ளும். ஆனால் அங்கே பெயருக்கு 63 பைட்தான் இடம். தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட் பிடிக்கும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள். 'வாடிக்கையாளர்' என்பதற்கு 39 பைட். 'வாடிக்கையாளர்கள்' என்றால் 48. 'கள்' மட்டும் 9 பைட் சாப்பிடுகிறது. அதற்கு மேல் 'முகவரி' என்று சேர்க்கப் போனால் வால் அறுந்துவிடும். சொந்தப் பழக்கத்துக்கு எழுதிப் பாருங்கள், சந்தோஷமாக இருக்கும். நாலு ஊர்க்காரர்கள் சேர்ந்து செய்யும் வேலையில் நான் வற்புறுத்த மாட்டேன்.

ஆனால் திரையில் தெரியும் தமிழ் வேறு விஷயம். அதில் நான் விட்டுக் கொடுக்கத் தயாராக இல்லை. ஆங்கிலத்தில் எழுதிய அப்ளிகேஷனைத் தமிழாக்கும்போது எங்கெல்லாம் 'ஸ்' இருந்ததோ அங்கெல்லாம் 'கள்' ஒட்டிவிடுகிறார்கள். '12 லோடுகள் உள்ளன', '300 முட்டைகள் சேர்க்கப்பட்டன', அதைவிட மோசமாக '1 கோழிகள்'. பண்ணையில் வேலை செய்யும் அம்மா அதைப் படித்துவிட்டு, "இது யாரு பேசற தமிழுங்க?" என்று கேட்கிறார். '12 லோடு', '300 முட்டை' என்று போடுங்கள். இலக்கணமும் உங்கள் பக்கம், சந்தையும் உங்கள் பக்கம். ஆளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கவனம் வேண்டும். அங்கே பன்மை வெறும் எண்ணிக்கை இல்லை, மரியாதையும்கூட. 'டிரைவர் வந்தான்' என்று ஒரு செய்தி அந்த நாமக்கல் ஆபீஸ் திரையில் வந்திருந்தால், மீதி பேரும் சாவியை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

எனக்குக் கொடுத்த இருபது நிமிடம் முடிந்தது என்று செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். மதிய உணவுக்குப் பிறகு மூன்று மணி வரை கணிப்பொறி ஆய்வகத்தில் இருப்பேன். பட்டாவைக் கொடுத்துப் பட்டம் வாங்குவது எப்படி என்று நேரில் பார்க்க விரும்புகிற தம்பி தங்கைகள் அங்கே வரலாம். இறுதியாண்டு மாணவர்கள் தங்கள் புராஜெக்டின் டேபிள் பட்டியலையும் கையோடு கொண்டு வாருங்கள்; ஒவ்வொரு டேபிளிலும் ஒரு வரி என்பது என்ன என்று மட்டும் கேட்பேன்.